கழட்டி மாட்டுற வேலை: ஃபேக்டரி பைக் டெஸ்ட் வார நாட்குறிப்பு

பிப்ரவரி 2

மோட்டோஜிபி பைக் ரேஸ் டீம்ல மெக்கானிக் நான், இது டெஸ்ட் வாரம். பெட்டியெல்லாம் வந்து சேர்ந்தாச்சு. ஒரு ரைடருக்கு ரெண்டு பைக், ரெண்டையும் மொத்தமா கழட்டணும். புதுசா வந்த வண்டிய எதுக்கு கழட்டணும்னு முதல் வருஷம் நானும் கேட்டேன், யாரும் பதில் சொல்லல, கையில டார்க் ரெஞ்ச, அதான் போல்ட்ட இவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்குற ஸ்பேனர, குடுத்துட்டு போயிட்டாங்க. இப்ப புரியுது. இந்த வண்டிய டிசைன் பண்ணவங்க ரைடர நினைச்ச அளவுக்கு எங்களையும் நினைச்சிருக்காங்க. வண்டிய மூடுற வெளி ஓடு, ஃபேரிங், ஸ்க்ரூவ கால் திருப்பு திருப்பினா கையோட வந்துடும், பின் வீல உருவினா பக்கத்துல நிக்கிற ஸ்பேசர் வளையம் கீழ விழாது, அது வீலோடயே நிக்கும். ரோட்ல ஓட்டுற வண்டியில வீல் மாட்டும்போது அந்த ஸ்பேசர் எத்தனை தடவை உருண்டு ஓடியிருக்குனு யோசிச்சு பாருங்க.

இன்ஜின மட்டும் தொடக்கூடாது. சீல் வெச்சு வரும், சீசனுக்கு இத்தனைதான்னு கணக்கு இருக்கு, உள்ள என்ன ஆனாலும் ஃபேக்டரிக்குதான் போகணும். மத்ததுக்கெல்லாம் ஒவ்வொரு பார்ட்டுக்கும் நம்பர், இத்தனை கிலோமீட்டர்னு ஒரு ஆயுசு. செயின், ஆக்சில், போல்ட்டு எல்லாம் ஆயுசு முடிஞ்சா தூக்கி போட்டுடணும், பாக்க பளபளன்னு இருந்தாலும் சரி. மனசு கேக்காது. இன்னிக்கு மட்டும் 3 செயின் குப்பைக்கு போச்சு.

பிப்ரவரி 3

நாள் முழுக்க விரிசல் தேடுற வேலை. பின் வீல தாங்குற சுவிங்ஆர்மோட லிங்க்க நல்லா துடைச்சு, செவப்பு சாய எண்ணெய் தடவி, காத்திருந்து, துடைச்சு, மேல வெள்ளை பவுடர் அடிச்சா, விரிசல் இருக்குற எடத்துல சாயம் உள்ளேர்ந்து கசிஞ்சு முடி மாதிரி ஒரு செவப்பு கோடு வரும். வரல. ஆனா வருமான்னு பாத்துட்டு நிக்கிற அந்த நேரம் இருக்கே, பரிட்சை ரிசல்ட் மாதிரி இருக்கும்.

சாயந்திரம் மானம் போச்சு. ஆயில வடிக்கிற ட்ரெயின் போல்ட்டுக்கு, அது கழண்டுடாம இருக்க லாக் வயர் கட்டினேன், ரெண்டு கம்பியையும் முறுக்கி சீரா அழகா வந்துச்சு, நானே ரசிச்சேன். சீஃப் வந்து ஒரு விரலால தொட்டு பாத்தாரு, ஒரு வார்த்தை பேசல, கட்டர் எடுத்து டக்குனு வெட்டிட்டு போயிட்டாரு. அப்புறம்தான் பாத்தேன், எதிர்ப்பக்கமா கட்டியிருக்கேன். போல்ட் லூசாகி திரும்ப பாத்தா வயர் இழுத்து பிடிக்கணும், நான் கட்டினது அது கழண்டு வர வழி விட்டு நின்னுச்சு. ட்ராக்ல ஆயில் கொட்டினா நம்ம ரைடர் மட்டும் விழ மாட்டாரு, பின்னாடி வர எல்லாரும்தான்.

பிப்ரவரி 4

பிரேக். கார்பன் டிஸ்க், 340 மில்லிமீட்டர், 355 மில்லிமீட்டர் ரெண்டு அளவும் எடுத்து வெச்சோம், கடுமையா பிரேக் பிடிக்கிற ட்ராக்னா பெருசு. ஆறிப்போன கார்பன நம்பி வண்டிய தள்ளிட்டு போனா லிவர் பிடிச்சாலும் மெதுவா வழுக்கிட்டே போகும். 200 டிகிரி மேல சூடானாதான் அது வேலையே ஆரம்பிக்கும், அதனாலதான் முதல் லேப்ல ரைடர் நேர் ரோட்லயே சும்மா சும்மா பிரேக் தொட்டு பாக்குறது.

பிப்ரவரி 5

மழை, ட்ராக் மூடியாச்சு, உக்காந்து இன்ஜின் பத்தி கதை பேசினோம். கேட்டது பாதி நமக்கே புதுசு, எழுதி வெச்சுக்கறேன்.

இப்ப 1000 சிசி, போர், அதாவது சிலிண்டர் விட்டம், அதிகபட்சம் 81 மில்லிமீட்டர்னு ரூல், 4 சிலிண்டருக்கு கணக்கு போட்டா ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை ஓடுற தூரம், 48.5 மில்லிமீட்டர் வரும். 18,000 ஆர்பிஎம்ல பிஸ்டன் சராசரியா நொடிக்கு 29 மீட்டர் ஓடுது, காத்தையும் புகையையும் உள்ள வெளிய விடுற ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 150 தடவை திறந்து மூடணும். சாதா ஸ்ப்ரிங் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்காது, வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் வந்துடும். அதனால எங்களுது மாதிரி பல வண்டிகள்ல ஸ்ப்ரிங்குக்கு பதிலா அழுத்தின கேஸ், டுகாட்டி மட்டும் 1950-கள்ல அவங்க இன்ஜினியர் டாக்லியோனி கொண்டு வந்த டெஸ்மோ, அதுல வால்வ திறக்கறதுக்கு தள்ளி விடுற ஒரு கேம், மூடறதுக்கு இன்னொண்ணு. எனக்கு டெஸ்மோ மேல பொறாமை உண்டு, கேஸ் பிரஷர் குறைஞ்சிருக்கான்னு காலையில எந்திரிச்சு பாக்குற வேலை அவங்களுக்கு இல்ல.

ஆனா பவர் எல்லாருகிட்டயும் இருக்கு, அத டயர் வாங்கிக்கணுமே. 1992-ல ஹோண்டா என்எஸ்ஆர்500-ல நாலு சிலிண்டரையும் சீரா இடைவெளி விட்டு வெடிக்க விடாம ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா வெடிக்க விட்டாங்க, மீதி நேரம் டயருக்கு மூச்சு விட அவகாசம், பிடிப்பு திரும்ப கிடைச்சிடும். க்ராங்க்னா பிஸ்டன் ஆட்டத்த சுழற்சியா மாத்துற தண்டு. 2004-ல யமஹா எம்1, சீரில்லாத இடைவெளியில வெடிக்க விடுற க்ராஸ்ப்ளேன் க்ராங்கோட வந்ததுக்கும் த்ராட்டிலுக்கும் டயருக்கும் நடுவுல இருக்குற அந்த உணர்வுதான் காரணம். க்ராங்க் சுத்துற திசை கூட வீலுக்கு எதிர்ப்பக்கம். வேகமா உருளுற வீல் சாய மறுக்கும், எதிர்ப்பக்கம் சுத்துற க்ராங்க் அதுல கொஞ்சத்த கழிச்சிடும், வண்டி லேசா சாயும். அதுக்கு எக்ஸ்ட்ரா ஒரு ஷாஃப்ட், அதுல கொஞ்சம் பவர் போகும். போகட்டும்னு தெரிஞ்சே விடுறாங்க.

2027-ல 850 சிசி ஆகுது, போர் 75, வண்டிய கீழ எறக்குற ஹைட் டிவைஸ் எல்லாம் கிடையாது. அந்த ஹைட்ராலிக் லைனுங்கள மாட்டி மாட்டி விரல் தோல் உரிஞ்சவன் நான், நிம்மதி.

பிப்ரவரி 6

வெயில். ரைடர் 5 லேப் போயிட்டு வந்து ஹெல்மெட்ட கழட்டறதுக்கு முன்னாடியே தலைய ஆட்டினாரு. முன்பக்கம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதாம். டேட்டா பாத்தா எல்லாம் ஓகே, நேரமும் மோசமில்ல, டேட்டா பாக்குறவர் ஸ்க்ரீன காட்டி காட்டி பேசுறாரு, ரைடர் ஸ்க்ரீன பாக்கவே இல்ல.

விஷயம் என்னன்னா வண்டி 60 டிகிரிக்கு மேல சாஞ்சிருக்கும்போது முன் வீல பிடிச்சிருக்குற ஃபோர்க் மேலயும் கீழயும் வேலை செய்யறது கிடையாது, அது கிட்டத்தட்ட பக்கவாட்டுல நீட்டிட்டு கிடக்கு, ரோடு மேடு நேரா அதுக்குள்ள போகாது. அந்த நேரத்துல சஸ்பென்ஷன் வேலைய ஃப்ரேம்தான் வளைஞ்சு குடுத்து செய்யணும். பிரேக் பிடிக்கும்போது இரும்பா நிக்கணும், சாஞ்சா மூங்கில் மாதிரி குடுக்கணும், ஒரே ஃப்ரேம். ரொம்ப விறைப்பா பண்ணா ரைடருக்கு டயர் எங்க இருக்குன்னே தெரியாது, அவர் சொன்னது அதத்தான்.

ஃப்ரேமயா மாத்த முடியும் ரெண்டு மணி நேரத்துல? முடியாது. இன்ஜின் மவுண்ட் போல்ட் ஒண்ணோட டார்க்க குறைச்சோம், ஃபோர்க்க க்ளாம்ப்ல 2 மில்லிமீட்டர் எறக்கினோம். 2 மில்லிமீட்டர், தீப்பெட்டி குச்சி கனம்தான். திரும்பி வந்தவர் கட்டை விரல காட்டல, ஆனா தலையும் ஆட்டல, பேசாம டயர் கேட்டாரு. எங்க தொழில்ல அது பாராட்டு.

பிப்ரவரி 7

டயர் பிரஷர் தலைவலி. முன் டயர் 1.80 பாருக்கு கீழ போகக்கூடாது, ரேஸ்ல 60 சதவீத லேப் அதுக்கு மேல இருக்கணும், இல்லன்னா 16 செகண்ட் பெனால்டி. தனியா முன்னாடி ஓடினா காத்து பட்டு டயர் ஆறி பிரஷர் எறங்கும், யார் பின்னாடியாவது மாட்டினா அந்த வண்டி சூட்டுல ஏறிடும், ஏறினா முன்பக்கம் வழுக்கும். அப்ப ரேஸ் எப்படி போகும்னு முன்னாடியே யூகிச்சு, டயர சூடாக்குற வார்மர் போர்வையில இருக்கும்போதே காத்து அடிக்கணும். ஜோசியம்தான் இது, கேஜ் வெச்சுகிட்டு பாக்குற ஜோசியம்.

ராத்திரி ட்ரெயின் போல்ட்ட திரும்ப கட்டினேன். சீஃப் வந்தாரு, விரல வெச்சாரு, அடுத்த பைக்குக்கு நகந்துட்டாரு. கட்டர் அவர் பாக்கெட்லதான் இருந்துச்சு. எனக்கு இன்னும் 4 வீல் பேலன்ஸ் பாக்கணும், மணி 1 ஆச்சு.