வட்டத்துக்குள் ‘கோ’ வந்துவிட்டது: தமிழ்ப் பெயர்களுக்கு அவதார், இரண்டாம் கட்டம்

கோகிலா, குமார், கௌரி, கந்தையா. நாலு பேருக்கும் அவதாரில், அதாவது ஆளின் படம் நிற்கும் வட்டத்துக்குள், ஒரே ‘க’. ஹட்டன் பக்கத்துத் தோட்ட வாசிகசாலை ஒன்றின் அங்கத்தவர் செயலியில் பிடிவாதமாக நின்ற கோளாறு இது. இப்போது தீர்ந்துவிட்டது!

படம் ஏற்றாதவருக்கு முதலெழுத்தைக் காட்டும் நிரல்கள் பெரும்பாலும் பெயரின் பூச்சியமாவது இடத்தை, அதாவது முதல் குறியை மட்டும், எடுக்கும். ‘கோ’ கண்ணுக்கு ஒரு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோட் முறையில் ‘க’ தனி, அதன் உயிர்க்குறி தனி. இடப்பக்கம் தெரியும் கொம்புகூட சேமிப்பில் ‘க’வுக்குப் பின்னால்தான். உலாவியில் உள்ள உரைப் பிரிப்பானான இன்ட்ல்.செக்மென்டரை ‘கிராஃபீம்’ (கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் துண்டு) அளவில் ஓட்டினால் ‘கோ’ முழுதாக வரும். ஃபயர்ஃபாக்ஸில் இது 125ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய உலாவிக்கு மாற்றுவழி வைக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஸ்ரீதரனுக்கு ‘ஸ்’, ப்ரியாவுக்கு ‘ப்’ என்று மொட்டையாக வந்தது. முதல் துண்டு குற்றில் (மெய்யெழுத்தின் மேற்புள்ளியில்) முடிந்தால் அடுத்த துண்டையும் சேர்த்துக்கொள் என்ற ஒரே விதி ‘ஸ்ரீ’, ‘ப்ரி’, ‘ஸ்டெ’ எல்லாவற்றையும் சரிசெய்கிறது.

நம் ஊர்ப் பெயரில் தகப்பன் முதலெழுத்து முன்னால் நிற்கும். மு. கோபால், மு. ராணி என்று ஒரு வீடே ‘மு’ ஆகிவிடும். புள்ளியில் முடியும் சொல்லைத் தாண்ட வேண்டும். புள்ளி போடாதவர்களுக்காக ஒரே துண்டாக நிற்கும் சொல்லையும். ‘எஸ்’, ‘எம்’, ‘ஆர்’ இரண்டு துண்டு என்பதால் அவற்றுக்குச் சிறு பட்டியல்.

அதிகம் இழுத்தது அகலம். 40 பிக்சல் வட்டத்துக்குள் அடங்கும் சதுரத்தின் பக்கம் 28 பிக்சல். 18 பிக்சல் எழுத்தில் ‘க’ அடங்கும், ‘கௌ’ வெளியே வழியும். உலாவியின் வரைபரப்பான கேன்வாஸின் மெஷர்டெக்ஸ்ட் கட்டளையால் அகலத்தை அளந்து, 28ஐத் தாண்டினால் அந்த விகிதத்தில் எழுத்தைச் சுருக்கினால் போதும். ஆனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இறங்குமுன் அளந்தால் வேறு எழுத்துருவின் அகலம்தான் கிடைக்கும். எழுத்துருவை இறக்கும் டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட் கட்டளைக்கு எழுத்தைக் கொடுக்காவிட்டால் அது வெற்றிடத்தை (ஸ்பேஸ்) வைத்துத் தேடும். தமிழ் எழுத்துகளுக்கு மட்டுமான எழுத்துருக் கோப்புக்குக் குறித்த யுனிகோட் வரம்பில் வெற்றிடம் இல்லை, ஆகவே எதுவும் இறங்காது, பிழையும் காட்டாது. இரண்டாவது அளவுருவாக ‘கௌ’ என்று கொடுத்த பிறகே அளவு நிலைத்தது.

வட்டத்தின் நிறத்தைப் பெயரிலிருந்து கணிப்பவர்கள் முதலில் பெயரை என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோட் வடிவம்) மாற்றுங்கள். ‘கொ’வைக் கொம்பும் அரவுமாகப் பிரித்து அனுப்பும் விசைப்பலகையால் ஒருவருக்கே இரண்டு நிறம் வரும்.

தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் இழுபறி. அதனால் புகைப்படத்தைக் கைபேசியிலேயே 256க்கு 256 ஆக்கி ஜேபெக்காக அனுப்பும் பகுதி பாதியில் கிடக்கிறது. முதலெழுத்து வட்டம் அடியில், படம் அதன் மேல். படம் வராவிட்டாலும் ‘கோ’ நிற்கும். சிங்களப் பெயர்களுக்கு அடுத்த வாரம் இதே சோதனை.