எடி கரண்ட் லெவல் 2: அரிப்புப் பகுதியை எப்படிப் படிப்பது

எடி கரண்ட் என்பது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அதைச் சேதப்படுத்தாமலே குறைகளைத் தேடும் சோதனை. அதில் லெவல் 2 தகுதிக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் விரிசல் பக்கமே சாய்ந்துவிடுகிறார்கள். பொது, சிறப்பு, செய்முறை என்ற மூன்று தேர்விலும் நாஸ் 410 என்ற விமானத் துறைத் தகுதித் தர விதிப்படி தனித்தனியே 70, சராசரியில் 80 வேண்டும். சராசரியை ஏற்றிவிட எனக்குக் கைகொடுத்தது அரிப்புதான்.

விமானத் தோலில் அரிப்பு பெரும்பாலும் ரிவெட் அடித்த இணைப்புக்குள், மேல் தகட்டின் அடிப்பக்கத்தில் தொடங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே சேரும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு தலையணைபோல் லேசாக உப்பும். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் அந்த மேடு நிழலில் தெரியும். ப்ரோபை (தகட்டின் மேல் ஓட்டும் சுருள் உணரியை) கையில் எடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ப்ரோபில் ஓடும் மின்னோட்டத்தின் அதிர்வெண். அது தகட்டுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல் எண்களைப் போட்டுப் பாருங்கள். 2024-டி3 என்ற அலுமினியக் கலவையில் நிலையான ஊடுருவல் ஆழம் 100 கிலோஹெர்ட்ஸில் சுமார் 0.38 மி.மீ., 10-இல் 1.2, 1-இல் 3.8. அந்த ஆழத்தில் மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை, மேற்பரப்பில் இருந்ததில் 37 சதவீதம் மிஞ்சும். 1 மி.மீ. தகட்டின் அடிப்பக்கத்தை 100 கிலோஹெர்ட்ஸில் தேடினால் மிஞ்சுவது 7 சதவீதம்தான். எந்த அதிர்வெண் சரி என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இந்தக் கணக்கு போதும்.

செய்முறையில் ஆளைக் குழப்புவது இடைவெளி. இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி கூடினாலும் சிக்னல் நகரும், தகடு மெலிந்தாலும் நகரும். இரண்டு அதிர்வெண்களைக் கலந்து இடைவெளியின் பங்கைக் கழிப்பது இதற்காகத்தான். இதை யாராவது கேட்டால் படம் வரைந்து விளக்கும் அளவுக்குப் பழகுங்கள். விரிசலில் கருவித் திரையில் உள்ள புள்ளி சட்டென்று எகிறித் திரும்பும். அரிப்பில் மெல்ல நகர்ந்து, கொஞ்ச தூரம் அங்கேயே நின்று, மெல்லத் திரும்பும். வேகமாக ஓட்டினாலோ, புள்ளியைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் பொத்தானை அடிக்கடி அழுத்தினாலோ அது கண்ணில் படாது.

கருவியைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷன் துண்டு, சோதிக்கும் தகட்டின் அதே உலோகக் கலவை, அதே டெம்பர்தானா (டி3 போன்ற பதப்படுத்திய நிலை) என்று பார்த்து, அதையும் அறிக்கையில் எழுதுங்கள். கூடவே அதிர்வெண், ப்ரோப், எந்த ரிவெட்டிலிருந்து எந்த ரிவெட்வரை, எத்தனை சதவீத மெலிவு என்பதும் வர வேண்டும். ‘அரிப்பு உள்ளது’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது.