ஆளில்லாத வாக்கியங்கள்

“நித்திரை இல்லை. தலை விறைக்குது. நெஞ்சுக்குள்ள ஒரே அந்தரம்.” கொழும்பில் உளவளத்துணை தேடி வரும் தமிழர் பலர் வாயைத் திறந்ததும் சொல்வது இவ்வளவுதான். மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற சொற்கள் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களில் வாழ்கின்றன. வருபவரிடம் இருப்பது ‘யோசனை’. “கனக்க யோசிக்கிறன்” என்ற இரண்டு சொல்லுக்குள் கடன், பயம், குற்ற உணர்வு, மகளின் கலியாணம் எல்லாம் இருக்கலாம். கேட்ட கையோடு குறிப்பில் ‘மனச்சோர்வு’ என்று எழுதிவிடுவது பயிற்சிக் காலத்தில் அநேகமாக எல்லோரும் விடும் பிழை. அடுத்த கிழமை அவரும் “எனக்கு டிப்ரெஷன்” என்றே தொடங்குவார். அந்தரம் எங்கே போனது என்று பிறகு தேட முடியாது.

ஆகவே முதல் அமர்வின் 50 நிமிடத்தில் வருபவரின் சொற்கள் ஐந்தாறையாவது மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். கேள்வியையும் அந்தச் சொல்லாலேயே கேட்க வேண்டும்: “அந்தரம் எண்டு சொன்னீங்கள். அது வரேக்க உடம்பில எங்க பிடிக்கும்?” அந்தரம் வடக்கிலிருந்து வந்தவர்களிடம் கூடுதலாக வரும் சொல். மலையகத்திலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள் “மனசே சரியில்லைங்க” என்பார்கள். முஸ்லிம் ஒருவர் “கல்பு” (உள்ளம்) என்று தொடங்கலாம். மூன்றும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் மூவரையும் இழப்போம். தெரியாத சொல்லுக்குத் தெரிந்தவர் போலத் தலையாட்டுவதைவிட “அது எப்பிடி இருக்கும்?” என்று கேட்டுவிடுவது நல்லது.

சொற்களைவிட முக்கியமானது வாக்கியம். தமிழில் கோபம் ‘வரும்’, பயம் ‘பிடிக்கும்’, துக்கம் தொண்டையை ‘அடைக்கும்’. “எனக்குக் கோபம் வந்தது” என்பதில் எழுவாய் கோபம். ஆள் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார். அவுஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1990இல் வெளியிட்ட நூலில், பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து வெளியே வைத்துப் பேசும் முறையை விளக்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பயிற்சி தேவைப்படுகிறது. எங்களுக்கு அதில் பாதியை நான்காம் வேற்றுமையே செய்து தந்துவிடுகிறது. “கோபம் வரமுன்னம் ஏதாவது அடையாளம் காட்டுமா? வந்தால் எவ்வளவு நேரம் நிக்கும்? வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போன நாள் இருக்கா?” இப்படிக் கேட்டால் யாருக்கும் விசித்திரமாகப் படாது. கடைசிக் கேள்விக்கு ஒரு நாளையாவது நினைவுபடுத்திச் சொன்னால், அன்று அவர் என்ன செய்தார் என்பதுதான் மிகுதி அமர்வுக்கான பொருள்.

இதே இலக்கணத்தில் ஒளிந்துகொள்ளவும் இடம் உண்டு. “கோபம் வந்திட்டுது, கை நீண்டிட்டுது, அடி விழுந்திட்டுது.” மூன்று வினை இருக்கிறது, அடித்தவர் ஒருவரும் இல்லை. “கையை நீட்டினது ஆர்?” என்று மடக்கினால் விசாரணை ஆகிவிடும், அவர் அடுத்த முறை வரமாட்டார். நடந்தவற்றின் வரிசையை மெதுவாக்கிக் கேட்பதே வழி: “அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்? அவ எங்க? அவ அப்பிடிச் சொன்ன உடன நீங்கள் என்ன செய்தனீங்கள்?” ‘செய்’ என்ற வினை இரண்டு மூன்று தடவை கேள்வியில் வந்தால், பதிலில் “அடிச்சன்” என்ற தன்மை வினை ஏதோ ஒரு கட்டத்தில் தானாக வரும். வரும்போது அதைப் பிடித்துப் பாராட்டவும் கூடாது, கண்டிக்கவும் கூடாது. அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். அடி வாங்கியவர் “அவருக்குக் கொஞ்சம் கோபம் வரும்” என்று சொன்னால் கதை வேறு. அங்கே வாக்கியத்தைத் திருத்துவது எங்கள் வேலையல்ல. அடித்தவர் வெளியே வரவேற்பறையில் காத்திருக்கிறாரா, இன்றிரவு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்பதே முதல் கேள்வி.

‘ஏன்’ என்ற சொல்லை இயன்றவரை கைவிடலாம். “ஏன் அழுறீங்கள்?” என்பது எங்கள் வீடுகளில் கேள்வியாக இருந்ததில்லை, அழாதே என்ற கட்டளை அது. “ஏன் பள்ளிக்கூடம் போகேல்ல?” என்பதும் அப்படியே. “என்ன நடந்தது?”, “அதுக்கு முதல்?” என்று கேட்டால் காரணம் கூடவே வந்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் காள் ரொஜர்ஸ் வழியில் வந்த, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் உத்தியைத் தமிழில் அப்படியே செய்தால் பழிப்புக் காட்டுவது போல இருக்கும். “ஒருத்தரும் என்னைக் கணக்கெடுக்கிறேல்ல” என்றவரிடம் அதே வாக்கியத்தைச் சொன்னால் முறைப்பார். ஒரு சொல்லை மாற்றி, முடிவில் ‘போல’ சேர்க்க வேண்டும்: “வீட்டுக்குள்ளேயே தனிச்சுப்போன மாதிரி இருக்கு போல.” அந்தப் ‘போல’ திருத்துவதற்கு விட்ட கதவு. “இல்லை, தனிமை இல்லை, அவமானம்” என்று அவர் மறுத்தால் அமர்வு நன்றாகப் போகிறது என்று பொருள்.

மறுக்காமல் “ஓம், ஓம்” என்றால்தான் யோசிக்க வேண்டும். ஒற்றை ‘ஓம்’ சில நேரம் உடன்பாடு. இரட்டை ‘ஓம்’ பெரும்பாலும் மரியாதை. நீங்கள் பேசி முடியுங்கள் என்பதே அதன் பொருள். வீட்டுப் பயிற்சி கொடுத்துவிட்டு “விளங்கினதா?” என்று கேட்டால் எல்லோரும் ஓம்தான். “நாளைக்குக் காலமை முதல்ல என்ன செய்வீங்கள், சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டால் விளங்கியது எவ்வளவு என்று தெரியும்.

விளிப்பு சின்ன விடயம்போலத் தெரியும். வயதில் மூத்தவரை ஐயா, அம்மா என்பதில் சிக்கல் இல்லை. ‘அண்ணை’, ‘அக்கா’ என்று அழைத்தால் உறவு வந்துவிடும். உறவோடு, தங்கச்சியிடம் சொல்லக்கூடாதவையும் வந்துவிடும். தாம்பத்தியம் பற்றிப் பேச வந்தவர் அத்தோடு வாயை மூடிக்கொள்வார். பதின்ம வயதினரிடம் ‘நீர்’ யாழ்ப்பாணக் காதுக்கு இதம், மலையகத்துப் பிள்ளைக்கு அந்நியம். சந்தேகம் என்றால் ‘நீங்கள்’.

கொழும்புக்கே உரிய இன்னொன்று, ஒரே மூச்சில் மூன்று மொழி. அலுவலகச் சண்டையை ஆங்கிலத்தில் மணிமணியாக விவரிப்பவர், தாயின் சாவுக்கு வரும்போது தமிழுக்கு மாறுவார். கணவனின் குடும்பம் சிங்களம் என்றால் அந்த வீட்டு வசவுகள் சிங்களத்திலேயே வரும். எந்த இடத்தில் மொழி மாறியது என்று குறிப்பின் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் போதும். இரண்டாம் மொழி தூரம் தரும். பாலியல் வன்முறை போன்றவற்றைத் தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் பலரால் சொல்ல முடிகிறது. அவசரப்பட்டுத் தமிழுக்கு இழுக்கக் கூடாது. பேச்சால் குணமாக்குவது என்ற பெயரே அப்படிப் பிறந்ததுதான். 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் மருத்துவர் புரொயர் சிகிச்சையளித்த பெர்த்தா பாப்பன்ஹைம், தாய்மொழியான ஜெர்மனைப் பேச முடியாதிருந்த நாட்களில் ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. புரொயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் அவர் அன்னா ஓ. என்று வருகிறார்.

காலம் காட்டும் வினைகளில் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். மகனைத் தேடும் தாய் “அவருக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு” என்பார். உளவளத்துணையாளர் தெரியாமல் “அவர் எப்பிடிப்பட்டவராக இருந்தவர்?” என்று கேட்டால், அந்த இறந்தகால வினை ஒரு மரண அறிவித்தல். ‘காணாமல் போனவர்’ என்பதையும் பல குடும்பங்கள் ஏற்பதில்லை. அவர் தானாகப் போகவில்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’. குடும்பம் எந்த வினையைச் சொல்கிறதோ அதையே நாங்களும் சொல்ல வேண்டும். வயதான கொழும்புத் தமிழர் “எண்பத்திமூண்டு” என்று ஆண்டை மட்டும் சொல்லி நிறுத்துவதும் உண்டு. எண்ணுக்குப் பின்னால் ஜூலைக் கலவரம் இருக்கிறது. நிறுத்தியதும் ஒரு பத்து விநாடி சும்மா இருக்கலாம். பத்து விநாடி மௌனம் பயிற்சி பெறுபவருக்கு ஒரு மணித்தியாலம்போல இருக்கும், ஆனாலும்.

மருத்துவர் சிங்களம், வந்தவர் தமிழ் என்றால் நடுவில் யாராவது வேண்டும். சிற்றூழியரையோ கூட வந்த பிள்ளையையோ பிடித்து இருத்துவதுதான் வழக்கம். அங்கேதான் “வயிறு எரியுது” என்ற தாயின் துயரம் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டு காஸ்ட்ரிக் மருந்தாகத் திரும்பி வருகிறது. பதினைந்து நிமிடம் அழுது சொன்னது “கவலையாம்” என்று ஒரு சொல்லில் முடிகிறது. பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மருத்துவத் தவறு மட்டுமல்ல, பிள்ளைக்குச் செய்யும் கெடுதியும்கூட. பயிற்சி பெற்ற ஒருவர் கிடைத்தால் முன்கூட்டியே பத்து நிமிடம் அவரோடு பேசி மூன்றை உறுதிசெய்ய வேண்டும்: ‘நான்’ என்றதை ‘நான்’ என்றே சொல்வது, இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துவது, பழமொழியோ மரபுத்தொடரோ வந்தால் முதலில் அப்படியே சொல்லிவிட்டுப் பிறகு விளக்குவது. முக்கோணமாக உட்கார்ந்து, கண் வந்தவர் மேல் இருக்க வேண்டும். நேரம் இரட்டிப்பாகும்.

ஒன்பது கேள்வி கொண்ட, 27 புள்ளி வரை போகும் மனச்சோர்வு வினாத்தாளை ஏட்டுத் தமிழில் நீட்டினால் பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுத் தருவார்கள். வாய்விட்டுக் கேட்பது நல்லது. வினாத்தாள் கேட்கும் ‘கடந்த இரண்டு வாரம்’ என்பதற்குப் போயாவையோ சம்பள நாளையோ ஆணியாக அடித்துக்கொண்டால் பதில் நம்பத்தக்கதாக இருக்கும். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது.

அந்தக் கேள்வியில் தமிழ் எங்களை ஏமாற்றும். “செத்துத் துலையலாம் போல கிடக்கு” என்பது பஸ் பிந்தினாலும் வரும் பேச்சு. உண்மையாகவே முடிவெடுத்தவரும் அதையேதான் சொல்வார். தொனியை நம்பக் கூடாது, கேட்டுவிட வேண்டும்: “உயிரை விடுற எண்ணம் வருதா? எப்பிடி எண்டு யோசிச்சிருக்கிறீங்களா? அதுக்கான சாமான் வீட்டில இருக்கா? எப்ப எண்டு?” கேட்பதால் எண்ணம் புதிதாகத் தோன்றாது. பொலிசுக்குப் பயந்து மறைப்பவருக்கு, தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல என்று சொல்ல வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எழுதியே கொடுக்கலாம்.

இதையும் இதுபோல மனதில் கனப்பவற்றையும் பலர் நாற்காலியில் இருக்கும்போது சொல்வதில்லை. 48ஆவது நிமிடத்தில், எழும்பி, குடையை எடுத்து, கதவில் கை வைத்துக்கொண்டு சொல்வார்கள். கதவடியில் வருவது பழைய காதலோ சொத்துப் பிரச்சினையோ என்றால் “அதை அடுத்த முறை முதல்ல எடுப்பம்” என்று அவருக்கு முன்னாலேயே குறித்துக்கொண்டு அனுப்பலாம். அடுத்த முறை அதிலிருந்துதான் தொடங்கவும் வேண்டும். “நான் இல்லாட்டி அவைக்கு நிம்மதி” என்பது போன்ற ஒன்று என்றால் கதவைச் சாத்தி அவரைத் திரும்ப இருத்த வேண்டும். வெளியே அடுத்தவர் காத்திருக்கட்டும்.