‘மோன்விசோ’ என்ற பெயரில் பந்தயம் ஓட்டிய தாத்தா

அத்தையின் பிஸ்கட் டப்பாவில் அந்தப் படம் இருந்தது. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் பழக்கதோஷத்தில் ‘அத்தை’ என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. படத்தில் இருப்பவர் அவருடைய அப்பா, என் கணவரின் தாத்தா. கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஹெல்மெட், இடுப்பில் அகலத் தோல் பட்டை, பெட்ரோல் டேங்கில் மார்பு படியக் குனிந்திருக்கிறார். பைக்கின் முன் தகட்டில் 14. பின்னால் பூங்கா மரங்கள், கயிறு கட்டிய ஓரத்தில் தொப்பி போட்ட ஆட்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலில் ‘ரொசாரியோ, 1951’. அவ்வளவுதான்.

அவர் இறந்தபோது அத்தைக்கு வயது 10. அதனால் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அப்பா பைக் பந்தய வீரர்; குடும்பம் இத்தாலியில் ஜெனோவாவிலிருந்து வந்தது; அப்பா ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து நெடுநாள் படுக்கையில் கிடந்தார். இதைத் தவிர ஒரு மாமா சொல்லிவிட்டுப் போன கதை: 1961 இல் புவெனஸ் ஐரிஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் ஹோர்ஹே கிஸ்லிங்கோடு அப்பாவும் ஓட்டினாராம்.

“நான் போவதற்குள் அப்பா எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும், இஹா” என்றார் அத்தை. இஹா என்றால் மகளே. சரி என்று உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். மூன்று வருடம் ஆனது. இதே மாதிரி தேடுபவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

மாமா சொன்ன கதையை முதலில் பார்த்தேன், அதுதான் சுலபம். அந்தப் பந்தயத்தில், அதாவது 1961 அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில், 500 சிசி பிரிவில் மேட்ச்லெஸ் பைக் ஓட்டி ஜெயித்தவர் கிஸ்லிங். அடுத்த வருடம் அதே பிரிவில் பெனடிக்டோ கால்டரெல்லா. இரண்டு வருட முடிவுப் பட்டியலிலும் தாத்தா இல்லை. அத்தையிடம் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன். “அப்போ 1951?” என்றார். அது கையில் இருக்கும் படம், அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனால் பழைய செய்தித்தாள்களில் தாத்தாவின் பெயர் ஒரு இடத்தில்கூடக் கிடைக்கவில்லை. அதனால் பந்தயத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பதிவேடுகளுக்குப் போனேன். இப்போது யோசித்தால் அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

பதிவேட்டில் முதல் முட்டுக்கட்டை குடும்பப் பெயர். ‘சி, எச்’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் பெயர் அது. இத்தாலியில் அந்த இடத்தில் அதை ‘கி’ என்று படிப்பார்கள், ஸ்பானிஷில் ‘சி’ என்று படிப்பார்கள். காகிதத்தைப் பார்த்து எழுதிய குமாஸ்தா சரியாக எழுதினார். வாயால் சொல்லக் கேட்டு எழுதியவர், கேட்ட ‘கி’யை ஸ்பானிஷ் வழக்கப்படி ‘கியூ’ எழுத்தில் தொடங்கினார். ஒரே ஆளுக்கு இரண்டு அகராதி வரிசை! ஒரு பதிவு அலுவலகத்தில் இரண்டு தடவை ‘அப்படி யாரும் இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை, பெயரைச் சொல்லாமல், தாத்தா பிறந்த 1924 ஆம் ஆண்டு அட்டவணைப் பக்கங்களையே கேட்டு வாங்கிப் பார்த்தேன். ‘கியூ’ வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார் தாத்தா. (அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் ஊரிலிருந்து வந்தவள் நான். இங்கே படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று நானும் நின்றிருக்கிறேன். அதனால் அந்தக் குமாஸ்தா மேல் எனக்குக் கோபமே வரவில்லை.)

இன்னொரு வழியும் அங்கே கற்றுக்கொண்டேன். இந்த நாட்டுப் பதிவேடுகளில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். தாத்தாவுடைய அம்மாவின் பெயர் யாராலும் கெடுக்க முடியாத எளிய பெயர். அவரை வைத்துத் தேடினால் அவர் பக்கத்தில் கணவர் எந்த எழுத்துக்கூட்டலில் இருந்தாலும் மாட்டிக்கொள்கிறார். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு போதும், தேவாலயப் பதிவேடுகள் நிறைய அங்கே படமாக இருக்கின்றன.

ஆனால் ஊர்? அரசுப் பதிவு எல்லாவற்றிலும் ‘இத்தாலியர்’ என்று ஒரே சொல். புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றிவைத்திருக்கும் செம்லா ஆய்வு மையத்தின் தரவில் தாத்தாவின் அப்பா கிடைத்தார்: 1909, வயது 19, ஏறிய துறைமுகம் ஜெனோவா. அப்போதுதான் உறைத்தது. ஜெனோவா அவருடைய ஊரே இல்லை, கப்பல் ஏறிய இடம். வட இத்தாலியிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களில் இந்தக் குழப்பம் உண்டு. மலையடிவாரத்து விவசாயியும் ஜெனோவாவில்தான் கப்பல் ஏறினார். பேரப்பிள்ளைகள் நினைவில் துறைமுகம் மட்டும் தங்கிவிடுகிறது.

அங்கே எட்டு மாதம் நின்றுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெயரைத் தேடினோம், எண்ணைத் தேடவில்லையே! ரொசாரியோவின் ‘லா காபிட்டால்’ 1867 இல் தொடங்கி இன்றும் வரும் நாளிதழ். நூலகத்தில் 1951 பைண்டு தொகுதிகளைக் கேட்டேன். நானும் எல்லோரையும் போல முதலில் திங்கட்கிழமைப் பேப்பரைத்தான் புரட்டினேன், முடிவுகள் அதில்தான் வரும் என்று. அதில் பெயர் மட்டும் இருக்கும். பந்தயத்துக்கு முந்தின நாள் பேப்பரில் வண்டி எண்ணோடு பட்டியல் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். தாள் பழுத்து, ஓரம் தொட்டாலே உதிர்ந்தது. நான்காம் நாள், 500 சிசி பட்டியலில்: 14, மேற்கோள்குறிக்குள் ‘மோன்விசோ’, வண்டி ஜிலேரா. படத்தில் டேங்கின் மேல் இருந்ததும் ஜிலேரா என்ற பெயர்தான்.

அந்தக் காலப் பந்தயக்காரர்களில் சிலர் புனைபெயரில் களமிறங்குவார்கள். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பது ஒரு காரணம். தாத்தாவின் அம்மா வாசல் வழியாக பைக்கை உள்ளே விடமாட்டாராம், அத்தைக்கே அது நினைவிருக்கிறது.

மோன்விசோ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, அத்தைக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் போட்டேன். ஆல்ப்ஸ் மலையில் 3,841 மீட்டர் உயரச் சிகரம். போ நதி அதன் காலடியில்தான் பிறக்கிறது. கீழே சமவெளியில் சலுட்சோ நகரம், குனேயோ மாகாணம், பியெமோன்தே. அங்கிருந்துதான் ரொசாரியோ இருக்கும் சான்டா ஃபே மாகாணத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து குடியேறினார்கள். ஜெனோவாவிலிருந்து வெகு தூரம். ரொசாரியோவில் பிறந்து அந்த மலையைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அந்தப் பெயர் அப்பாவின் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நூலகத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் மலைப் பெயர் ஒரு தடயம்தான், ஆதாரம் ஆகாது. தாத்தாவுடைய பெற்றோரின் 1919 கல்யாணத்தைத் தேவாலயப் பதிவேட்டில் தேடினேன். அரசுப் பதிவு ‘இத்தாலியர்’ என்று நிறுத்திக்கொண்ட இடத்தில், மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊரையும் மறைமாவட்டத்தையும் பாதிரியார் எழுதியிருந்தார். சலுட்சோ மறைமாவட்டம், அதில் ஒரு சிற்றூர். இத்தாலியத் தொடர்பு தேடுபவர்கள் சர்ச் பதிவை முதலிலேயே பார்த்துவிடுங்கள், என்னைப் போலக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

மற்றது வேகமாக முடிந்தது. அந்த ஊர் நகராட்சிக்கு இத்தாலிய மொழியில் சின்னதாக ஒரு மின்னஞ்சல் போட்டேன்: பெயர், 1890, பெற்றோர் பெயரோடு பிறப்புப் பதிவுச் சுருக்கம் வேண்டும். சில வாரத்தில் வந்துவிட்டது. (குடியுரிமைக்காகத் தேடுபவர்கள் கவனிக்க: 2025 மார்ச்சில் இத்தாலி விதிகளை இறுக்கிவிட்டது. கொள்ளுத்தாத்தா இத்தாலியர் என்பது மட்டும் இனி போதாது. எங்கள் தேடல் அதற்காக இல்லை.)

மாகாண அரசு ஆவணக் காப்பகத்தில் ஆண்டுவாரியாக இருக்கும் படை ஆளெடுப்புப் பட்டியலின் நகலும் கேட்டு வாங்கினேன். உயரம், முடி, புருவம், மூக்கு என்று ஒவ்வொரு இளைஞனுக்கும் கட்டம் கட்டமாக எழுதுவார்கள். நம் ஆளின் வரியில் அந்தக் கட்டங்கள் எல்லாம் காலி. தொழில் மட்டும் இருந்தது: கொல்லர். அதன் பக்கத்தில், அழைத்தும் வராதவர் என்ற குறிப்பு. அளந்து எழுத வேண்டிய நாளில் அவர் கடல் தாண்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. 1919 கல்யாணப் பதிவிலும் கொல்லர்தான். 1924 இல் மகன் பிறப்பைப் பதிந்தபோது மெக்கானிக். ஊர்ப் பெயரை வீட்டில் அவர் வாயே திறக்காததற்கு அந்த ‘வராதவர்’ குறிப்புதான் காரணம் என்பது என் ஊகம்.

ஒன்று பாக்கி இருந்தது. ‘மோன்விசோ’வும் தாத்தாவும் ஒரே ஆள்தான் என்பதற்கு எண்ணும் வண்டியும் மட்டும் எனக்குப் போதவில்லை. தொடர்ந்து 1952 தொகுதியைப் புரட்டியபோது ஐந்து வரிச் செய்தி ஒன்று கிடைத்தது. வளைவில் சறுக்கி விழுந்த ‘மோன்விசோ’வுக்கு இடது காறை எலும்பு முறிவு. காயம்பட்டவர் என்பதால் உண்மைப் பெயரையும் போட்டிருந்தார்கள், அதுவும் ‘கியூ’வில்.

அத்தையை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 1951 பந்தயத்தின் திங்கட்கிழமைப் பக்கத்தை முதலில் காட்டினேன். மூன்றாம் இடம்: ‘மோன்விசோ’. அதைச் சத்தமாகவே படித்தார், பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் 1952 ஐ எடுத்து வைத்தேன். ஐந்து வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கைப்பையிலிருந்து பெற்றோரின் பழைய படம் ஒன்றை எடுத்தார். தாத்தா கோட்டு போட்டு நிற்கிறார், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

“ஏணியிலிருந்து விழுந்தார் என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறார், பார்” என்றார் அத்தை. “எங்கள் வீட்டில் ஏணியே கிடையாது.”