கித்துல்கல போகாத கித்துல்கலப் பயணம்

நேற்று இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தோம். இன்று காலை ஈரச் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. வேன்காரரைப் பற்றிய பகுதி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

திட்டம் இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஆறு பேர், ஒரு வேன். களனி கங்கையோடு, ஆற்றோர ஊரான கித்துல்கல வரை போய், குளித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. தொடக்கிவைத்தவர் மாமி. கங்கை கடலில் விழும் முகத்துவாரத்தில் பிறந்து வளர்ந்தவர். "வாலைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, தலையையும் ஒருக்காப் பாப்பமே" என்றார். (தலை சிவனொளிபாதமலைப் பக்கம் இருக்கிறது. ஆற்றின் நீளம் 145 கிலோமீட்டர். மாமியிடம் யாரும் சொல்லவில்லை.)

அவிசாவளை வரை இரண்டு பாதை. ஹை லெவல் வீதியால் போகாதீர்கள். நுகேகொடை, மகரகம, ஹோமாகம என்று சிக்னலிலேயே காலை முடிந்துவிடும். லோ லெவல் வீதிதான் அழகு. கடுவெல தாண்டியதும் பாதையோரம் றம்புட்டான் குவியல்கள் தொடங்கிவிடும். ஆற்றுக்கு அந்தக் கரையில்தான் றம்புட்டானுக்குப் பேர்போன மல்வானை. மல்வானைப் பழத்தில் சதை கொட்டையை விட்டுக் கழன்று வரும், பல்லால் கிள்ளிக் கிள்ளிப் போராட வேண்டாம். நூறு பழம் 1,500 ரூபாய். மாமி பேரம் பேசினார். விலை இறங்கவில்லை, ஆனால் பத்துப் பழம் கூட விழுந்தது. ஹங்வெல்ல வரும்போது வேன் முழுக்கத் தோல்.

அவிசாவளையில் பெரெண்டி கோவில் இடிபாட்டைப் பார்க்க நிறுத்தினோம். சீதாவாக்கை இராச்சியத்தை ஆண்ட முதலாம் இராசசிங்கன் சைவத்துக்கு மாறியபின் 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கோவில். பிறகு போர்த்துக்கேயர் இடித்தார்கள். மிச்சம் இருப்பது அடித்தளமும் செதுக்கிய கற்களும்தான். கூட்டமே இல்லை. கல்லில் செதுக்கியிருந்த ஒரு பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தபோதுதான் முதல் துளி கையில் விழுந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேகாலை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்ததை வெள்ளிக்கிழமை இரவே போனில் பார்த்தேன். தென்மேல் பருவமழைக் காலம், கித்துல்கலவோ நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. எல்லாம் தெரியும். ஆனால் வேனுக்கு 10,000 அட்வான்ஸ் குடுத்தாச்சு. அதற்குப்பிறகு யார் எச்சரிக்கையை வாசிப்பது?

கரவனெல்லயில் இருந்து கங்கை பாதையோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தத் துண்டுக்காகவே திரும்பவும் போவேன். ஒரு பக்கம் மூங்கில் புதருக்கு நடுவே ஆறு, மறுபக்கம் ரப்பர் மரங்கள். எட்டியாந்தோட்டை தாண்டும்போது வைப்பர் ஓடியும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சத் தூரத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. வளைவில் ஒரு மரம் மண்ணோடு சரிந்து பாதைக்குக் குறுக்கே கிடந்தது. திரும்பலாம் என்றால், பின்னால் தெஹியோவிட்டப் பக்கம் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டதாம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

அப்படித்தான் அந்தக் கடைக்குள் ஒதுங்கினோம். பெயர்ப்பலகை இல்லை, தகரக் கூரை, நாலு மேசை. கடைக்கார அக்கா "வாங்க, வாங்க, நனையாம உள்ள வந்து ஒக்காருங்க" என்றார். தோட்டத்துத் தமிழ். பீங்கானுக்கு மேல் லன்ச் சீற் விரித்து, சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கங்குங் கீரைச் சுண்டல், நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், அப்புறம் பொலோஸ் கறி. பிஞ்சுப் பலாக்காயை முதல்நாள் இரவே அடுப்பில் ஏற்றிவிடுவாராம். துண்டு கறுத்து, கொறுக்காப்புளி ஏறி, விரல் பட்டாலே நார்நாராகப் பிரிந்தது. கொழும்பில் இதே கறியை மண்சட்டியில் வைத்து மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள், இதில் பாதி ருசிகூட இல்லை. தலைக்கு 500 ரூபாய். இரண்டாம் தரம் சோறு போட்டதற்குக் காசு வாங்கவில்லை. மாமி மூன்றாம் தரமும் கேட்டார்.

கடையின் பின்வாசலில் நின்றால் ஆறு தெரியும். நடுவில் ஒரு தட்டைக்கல், துணி துவைக்கும் கல்லாம். மேலே யாரோ மறந்துபோன நீலச் சவர்க்காரப் பெட்டி. "அந்தக் கல்லு முங்குச்சுன்னா நாங்களும் சாமானத் தூக்கிருவோம்" என்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னார் அக்கா. நாங்கள் வந்தபோது கல் முழங்கால் உயரம் வெளியே நின்றது. ஆறோ பிளேன்ரீ நிறம். ஒரு மணிநேரத்தில் பால் தேத்தண்ணியானது. மூங்கில் கட்டை, வாழைமரம், ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்தன. மேலே லக்சபான அணைப் பக்கம் வான்கதவு திறந்தார்களாம் என்று ஒரு லொறிக்காரர் சொன்னதும் எல்லாருடைய கண்ணும் கல்லுக்கே போனது. மூன்று மணிக்கு நீலப் பெட்டி அசைந்தது, ஒருமுறை சுற்றியது, போய்விட்டது. கல்லின் நெற்றி மட்டும் மிச்சம். அக்கா அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றினார், நாங்கள் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தோம். பிறகு மழை கொஞ்சம் தணிந்தது. கல் முழுதாக மூழ்கவில்லை.

நாலரைக்குப் பின்பாதை திறந்தது. கித்துல்கலவுக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினோம். லோ லெவல் வீதியில் எந்த நேரமும் தண்ணீர் ஏறலாம், பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நான் வேண்டாம் என்று எழுதிய அதே ஹை லெவலால்தான் ஊர்ந்து வந்தோம்.

இப்போது வேன்காரர். பேசியது 200 கிலோமீட்டருக்கு 24,000 ரூபாய். ஓடியது 150கூட இல்லை. அதற்குக் கழிவு கிடையாது, சரி, பேச்சு பேச்சுதான். ஆனால் வீட்டு வாசலில் இறங்கியதும் "அம்மா, மூண்டு மணித்தியாலம் வெயிட்டிங், 3,000" என்றார். வெயிட்டிங்கா? எங்களோடு அதே மேசையில் சாப்பிட்டுவிட்டு, பின்சீற்றில் குறட்டை விட்ட மனுசன்! சாப்பாட்டுக் காசும் நாங்கள்தான் குடுத்தோம்.

"நானா மழையைக் கூப்பிட்டன்?" என்றார்.

"அப்ப நாங்களா கூப்பிட்டம்?" என்றார் மாமி.

பக்கத்து வீட்டு லைட் எரிந்ததும் நான் குடுத்துவிட்டேன். இனி வேன் பிடிக்கிறவர்கள் வெயிட்டிங் உண்டா இல்லையா என்று முதலே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு: வேன் 24,000, வெயிட்டிங் 3,000, சாப்பாடு வேன்காரரோடு ஏழு பேருக்கு 3,500, றம்புட்டான் 1,500, தேத்தண்ணி 400. மொத்தம் 32,400, தலைக்கு 5,400. ஐந்து பேரின் காசு வந்துவிட்டது. மாமி 4,900தான் அனுப்பியிருக்கிறார். மழைக்கு அவர் காசு குடுக்க மாட்டாராம்.