ஏற்காடு ஏறும்போது ஸ்பீக்கரில் வந்த விசில்

அடிவாரம் தாண்டி இரண்டாவது கியரில் வண்டி ஏறத் தொடங்கியதும் அது ஆரம்பித்துவிடும். மெல்லிய விசில் சத்தம். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த மேலே போகும், வளைவில் காலை எடுத்தால் சர்ரென்று இறங்கும், மறுபடி மிதித்தால் மறுபடி ஏறும். ஏற்காடு போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவு, அத்தனையிலும் இதே கதைதான். அப்பாவுக்கு மலையேறும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு வீணை கேட்க வேண்டும், அதுவும் சின்ன சத்தத்தில். தாளம் கொட்டுகிற பாட்டாக இருந்தால் விசில் அதில் அமுங்கிப் போயிருக்கும். வீணையில் ஒரு கமகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வருகிற அமைதியில்தான் அது உட்கார்ந்துகொண்டது. "என்னடா, பாட்டுக்குப் பின்னாடி கொசு கத்துது?" என்று கேட்டார்.

ஆம்ப் (பாட்டின் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஆம்ப்ளிஃபயர்) போட்டுக் கொடுத்த கடையில் போய்ச் சொன்னேன். பவர் ஒயரில் ஒரு ஃபில்டரை மாட்டி அனுப்பினார்கள். காசு வாங்கியதுகூடப் பரவாயில்லை, இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் மனசுக்கு ஆறவில்லை. மூன்றாம் நாள் விசில் அப்படியே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

முதலில் சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். இஞ்சினை அணைத்து டாஷ்போர்டில் இருக்கிற பாட்டு செட்டை மட்டும் ஓட்டினால் சுத்தமாக இருக்கிறது, இஞ்சினைப் போட்டதும் விசில், ரேஸ் பண்ணினால் சுருதி ஏறுகிறது என்றால் அது டைனமோவிலிருந்து வருவது. மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான். உள்ளே உற்பத்தியாவது மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம், அதை ஆறு டயோடு நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது, ஆனால் முழுக்கச் சமமாக அல்ல, மேலே சின்னச் சின்ன அலை மிச்சம் இருக்கும். 12 துருவமுள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலை தரும். இஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் ஓடி, ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டரை மடங்கு சுற்றினால் கணக்கு 2250 ஹெர்ட்ஸுக்கு வரும். நம் காதுக்கு ரொம்பக் கூர்மையாகக் கேட்கிற இடம் அது. சுருதி ஏறாமல் டக் டக் என்று கேட்டால் சங்கதி வேறு, பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்து, டயோடு போய்விட்டதா என்று பார்த்தேன். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தேன், 0.03 காட்டியது. அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் டயோடைச் சந்தேகப்படலாம். சில மலிவு மீட்டர் டிசியையும் சேர்த்துத் தப்பாகக் காட்டும், அதனால் முனைகளை மாற்றி வைத்தும் ஒரு தடவை பாருங்கள், இரண்டு தடவையும் ஒன்றுபோல வந்தால் நம்பலாம். டிசியில் 14.1 இருந்தது. டைனமோ மேல் குற்றமில்லை.

அப்புறம் கழற்ற ஆரம்பித்தேன். செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவருகிற ஆர்சிஏ ஒயரை ஆம்ப்பில் இருந்து பிடுங்கினேன், விசில் நின்றது. அப்படியானால் பவர் ஒயர் வழியாக வரவில்லை, கடையில் மாட்டிய ஃபில்டருக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்து, சார்ஜரில் போடாத போனை ஒரு சின்ன ஒயரில் நேராக ஆம்ப்போடு இணைத்து வீணையைப் போட்டேன். இஞ்சின் ஓடுகிறது, ரேஸ் பண்ணுகிறேன், விசிலே இல்லை! போனுக்கு வண்டியின் எர்த்தோடு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த இரும்பு பாடியோடு, சம்பந்தமே கிடையாது. அங்கேதான் பிடி கிடைத்தது.

செட்டுக்கு டாஷ்போர்டில் ஒரு எர்த், ஆம்ப்புக்கு டிக்கியில் ஒரு எர்த். இரண்டும் ஒரே பாடிதான் என்றாலும் நடுவில் கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருந்தால், அந்த மின்சாரம் ஆர்சிஏ ஒயரின் மேலுறை வழியாகக் குறுக்கு வழி தேடிப் போகும், டைனமோவின் அலையும் அதோடு சேர்ந்து பாட்டுக்குள் வந்துவிடும். பேட்டரி நெகட்டிவிலிருந்து டிக்கி வரை ஒரு நீள ஒயரை இழுத்தேன் (மீட்டருக்குப் போகிற மின்சாரம் அற்பம், அதனால் ஒயர் நீளத்தால் அளவு மாறாது). ஹெட்லைட் எரிய, பாட்டு சத்தமாக ஓட, மீட்டரின் ஒரு முனையை அந்த ஒயரிலும் இன்னொன்றை ஆம்ப்பின் எர்த் முனையிலும் வைத்தேன். 0.4 வோல்ட். இருக்கவே கூடாது.

ஸ்க்ரூவைக் கழற்றி லக்கை, அதாவது எர்த் ஒயரின் நுனியில் இருக்கிற வளையத்தை, தூக்கினேன். அடியில் வண்டியின் பெயின்ட் புதுசு போலப் பளபளவென்று இருந்தது, லக்கின் வட்டம் மட்டும் லேசாகப் பதிந்திருந்தது. இத்தனை நாள் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது ஸ்க்ரூவின் மரை மட்டும்தான். உப்புத்தாளை மடித்து அந்த இடத்தைத் தேய்த்தேன், வெள்ளை இரும்பு தெரிகிறவரை ஐந்து நிமிஷம் ஆனது. பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, துரு பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மீட்டர் 0.03. எர்த் வேண்டும் என்பதற்காக சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள், அது உயிர் காக்கிற போல்ட்.

விசில் தொண்ணூறு சதம் போய்விட்டது. காதை வைத்துக் கேட்டால் ஒரு இழை மிச்சம் இருந்தது, காரணம் ஆர்சிஏவும் பவர் ஒயரும் டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே ஒன்றாகவே படுத்திருந்தன. ஆர்சிஏவை இடது பக்கம் மாற்றினேன். ஆம்ப்பில் கெயினையும் (உள்ளே வருவதை எத்தனை மடங்கு பெருக்குவது என்று வைக்கிற திருகு) இறக்கினேன். நிறைய பேர் அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறார்கள், அப்போது பாட்டோடு இரைச்சலும் பெருகும்.

அடுத்த வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏற்காடு. கோரிமேடு தாண்டும்போதே வீணையைப் போட்டுவிட்டேன், எதையும் சொல்லவில்லை. பதினோராவது வளைவில் இரண்டாவது கியரில் மிதித்தேன், இஞ்சின் உறுமியது, ஸ்பீக்கரில் ஒரு கமகம் இழுத்து முடிந்து, கடைசியில் தந்தி அதிர்ந்து அடங்குகிறவரை முழுசாகக் கேட்டது. அப்பா கையை நீட்டி இன்னும் ஒரு புள்ளி சத்தத்தைக் குறைத்தார்.