வாக்கெடுப்பு நடந்ததா? – ஆட்சிக் கவிழ்ப்புகளைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்காக நான் எழுதிய முதல் பயிற்சித் தாளில், கூட்டணி ஆட்சிகளின் நிலையாமை பற்றிய 15 மதிப்பெண் வினா ஒன்று இருந்தது. 1979-இல் சரண் சிங் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றுப் பதவி இழந்தார் என்று அதற்கு விடை எழுதினேன். விலைக்கு வாங்கிய குறிப்பேடு ஒன்றில் அவ்வாறே அச்சாகியிருந்தது, நான் சரிபார்க்கவில்லை. தாளைத் திருத்தித் தந்த அண்ணன், எங்களுக்கு முன்பே தேர்வெழுதிப் பணியில் சேர்ந்தவர், அந்த வரியின் ஓரத்தில் "வாக்கெடுப்பு நடந்ததா?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

மறுநாள் தக்கலையிலிருந்து பேருந்தேறி நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், பிரதமர்கள் பதவி இழந்த ஒவ்வொரு நிகழ்வுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். 1979 ஜூலையில் மொரார்ஜி தேசாய் தம்மீதான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன்பே விலகினார். ஜூலை 28-இல் பதவியேற்ற சரண் சிங், இந்திரா காந்தியின் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டதால், அவை கூடவிருந்த ஆகஸ்ட் 20 அன்றே விலகல் கடிதம் கொடுத்தார். பிரதமராக ஒரு நாளும் அவர் மக்களவையைச் சந்திக்கவில்லை. 1991 மார்ச்சில் சந்திரசேகரும், 1996 மே 28-இல் விவாதம் முடிந்த நிலையில் வாஜ்பாயும், 1997 நவம்பரில் குஜ்ராலும் வாக்குகள் எண்ணப்படாமலே விலகினார்கள். எண்ணப்பட்டுத் தோற்றவர்கள் மூவரே: 1990 நவம்பர் 7-இல் 142-க்கு 346 என்று தோற்ற வி.பி.சிங், 1997 ஏப்ரல் 11-இல் தேவகவுடா, 1999 ஏப்ரல் 17-இல் ஒரே வாக்கில் தோற்ற வாஜ்பாய். இம்மூவரும் தோற்றது, தாங்களே கொண்டுவந்த நம்பிக்கை கோரும் தீர்மானத்தில்தான். எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றுகூட மக்களவையில் இதுவரை வென்றதில்லை என்பது அந்தப் பட்டியலை முடித்தபோது எனக்குத் தெளிவாயிற்று. 1963-இல் நேருவுக்கு எதிராகக் கிருபளானி கொண்டுவந்த முதல் தீர்மானம் 62-க்கு 347 என்று தோற்றது. 1993-இல் நரசிம்ம ராவ் 251-க்கு 265 என்று தப்பினார்.

இந்த வேறுபாட்டை முதலில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு மக்களவை நடைமுறை விதிகளில் 198-ஆம் விதி உண்டு. 50 உறுப்பினர்கள் எழுந்து ஆதரித்தால் போதும், காரணம் கூற வேண்டியதில்லை. நம்பிக்கை கோரும் தீர்மானத்துக்கோ தனி விதியே இல்லை. தெளிவான பெரும்பான்மை இல்லாத அவைகள் வந்தபோது, பெரும்பான்மையை அவையில் மெய்ப்பிக்குமாறு குடியரசுத் தலைவர்கள் கேட்டுக் கேட்டு வளர்ந்த மரபு அது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்னும் அரசமைப்பின் 75(3) உறுப்பு. பிரதமரை நியமிப்பது குடியரசுத் தலைவர், நிலைக்கவைப்பது அவை. நெருக்கடிகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில்தான் முற்றுகின்றன. அன்றைய குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி சரண் சிங்கை அழைத்ததும், பின்னர் ஜனதா கட்சியின் ஜெகஜீவன் ராமுக்கு வாய்ப்பளிக்காமல் அவையைக் கலைத்ததும் இன்றுவரை விவாதிக்கப்படுவது அதனால்தான். ஜெகஜீவன் ராமை அழைத்து அவையிலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை விடையிலும் எழுதினேன். காரணத்தோடு சொல்லப்படும் கருத்தை எழுதத் தயங்க வேண்டாம்.

1999-ஆம் ஆண்டை மட்டும் நான் ஒரு வாரம் படித்தேன். அத்தனை பாடம் அதில் இருக்கிறது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதும் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் பெரும்பான்மையை மெய்ப்பிக்கச் சொன்னார். முடிவு 269-க்கு 270. வாக்குகள் சமமாக இருந்தால் மட்டுமே அவைத்தலைவர் வாக்களிக்கலாம் என்ற 100-ஆம் உறுப்பு இங்கே உயிர்பெறுகிறது. ஒடிசா முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை இன்னும் விடாததால் வாக்களித்தார். மாற்று அரசு அமையாமல் அவை கலைக்கப்பட்டு, தோற்ற அரசே காபந்து அரசாகத் தொடர்ந்த மாதங்களில் கார்கில் போர் நடந்தது. காபந்து அரசு என்ற சொல் அரசமைப்பில் இல்லை. ஆயினும் அவை கலைந்த பின்னும் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று யு.என்.ஆர்.ராவ் வழக்கில் 1971-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒரு நிகழ்வைச் சுற்றி இப்படி உறுப்புகளையும் வழக்குகளையும் கோத்துக்கொண்டால், தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

நம் மாவட்டத்து மாணவர்களுக்கு இதில் இன்னொரு வாசலும் உண்டு. நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தாத்தா ஒருநாள், "டெல்லிக் கதையெல்லாம் படிக்கிறியே மக்ளே, பட்டத்துக்க மந்திரிசபை எப்படி விழுந்துதுன்னு படிச்சியா?" என்று கேட்டார். படித்திருக்கவில்லை. 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணு பிள்ளை, 19 உறுப்பினர்களை மட்டும் வைத்துக்கொண்டு காங்கிரசின் ஆதரவில் முதலமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1955 பிப்ரவரியில் அவருடைய அமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்த வரலாற்றில் அந்த வாக்கெடுப்புக்கும் இடமுண்டு. வெளியிலிருந்து தரப்படும் ஆதரவு எத்தனை மெலிந்த நூல் என்பதை 1979-ஐவிட எனக்கு ஆழமாகப் புரியவைத்தது தாத்தா சொன்ன கதைதான். அண்மை எடுத்துக்காட்டாக 2017 பிப்ரவரி 18-இல் எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று வென்ற வாக்கெடுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அயல்நாடுகளில் இரண்டு போதும். ஜெர்மனியில் நாடாளுமன்றம் அடுத்த அரசுத் தலைவரைத் (சான்சலரை) தேர்ந்தெடுத்தே பழையவரை நீக்க முடியும். 1982 அக்டோபர் 1-இல் ஷ்மிட் நீங்கி கோல் வந்தது அவ்வாறே. நேபாளத்தில் 2024 ஜூலையில் பிரதமர் பிரசண்டா 63-க்கு 194 என்று தோற்று, சில நாள்களில் ஒலி பிரதமரானார். இடைவெளியே இல்லாத முறைக்கு ஒன்று, இடைவெளியுள்ள நம் முறையை ஒத்ததற்கு மற்றொன்று.

எண்களை நாடாளுமன்ற மின்னூலகத்திலுள்ள விவாதப் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே குறிப்பேட்டில் ஏற்றுங்கள். பழைய குறிப்பேடுகளை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் திருத்த வேண்டும்: அவையில் வாக்களிக்க லஞ்சம் வாங்கிய உறுப்பினருக்குப் பாதுகாப்பு உண்டு என்று, 1993 வாக்கெடுப்பையொட்டி எழுந்த வழக்கில் 1998-இல் வந்த தீர்ப்பை, 2024 மார்ச் 4-இல் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது.